எனக்கு இத்தாலி மொழி தெரியாது

1

யாழ்ப்பாணத்தில் சிறுசஞ்சிகை நடத்தும் என் பள்ளித் தோழன் போன மாதம் தொலைபேசியில் கேட்டான்: "மச்சான், நீ இத்தாலியில சைக்கிள் ஓடினதை ஒரு பயணக்கட்டுரையா எழுதித் தா. ஆறு, வயல், மரம் எண்டு வாசிக்கக் குளிர்ச்சியா இருக்கவேணும். இஞ்ச சனம் வெக்கையில அவியுது."

மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் ஆறும் வயலும் மரமும் இருந்தன. மூன்றிலும் ஒரு பின்னேரத்தைக் கவனமாக விட்டுவிட்டிருந்தேன். அந்தப் பின்னேரத்துக்கு இந்தப் புரட்டாதியோடு ஒரு வருடம். இது நாலாவது தடவை. தோழன் கேட்ட குளிர்ச்சி இதில் இருக்குமா என்று தெரியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெல்பேர்ணின் கிழக்கே ரோவில் என்ற இடத்தில் இருக்கிறேன். நகரசபை ஒன்றில் வடிகால் வரைபடங்கள் பார்க்கும் வேலை. மனைவி வசந்தி. ஒரே மகள் யாழினி, இருபத்தாறு வயது, தனியாக இருக்கிறாள். நான் வீட்டில் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பல வருடங்களாக எங்கள் வீட்டுச் சம்பாஷணை இப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பகுதித் தமிழ்ப் பாடசாலைக்கு ஆறு வருடம் தலைவராக இருந்தேன். பரிசளிப்பு விழாவில் ஒவ்வொரு வருடமும் மேடையேறி, தாய்மொழியை மறந்தவன் தன்னையே மறந்தவன் என்று பேசுவேன். கைதட்டுவார்கள்.

இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு வைத்தியர் சைக்கிள் ஓடச் சொன்னார். அப்படித்தான் சனிக்கிழமை காலைகளில் ஓடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். கிரஹாம் என்ற முன்னாள் பள்ளி அதிபரும் அவர் மனைவி ஜில்லும் என்னோடு நெருக்கமானார்கள். சிவபாதம் என்ற என் பெயரை இரண்டு கிழமை முயன்று பார்த்துவிட்டு "சிவ்" ஆக்கினார்கள். நானும் விட்டுவிட்டேன். உடம்பை ஒட்டிய அந்தக் காற்சட்டையை முதன்முதல் போட்டுக்கொண்டு வந்தபோது வசந்தி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதென்னப்பா கோலம்? மேல ஒரு சாரத்தைக் கட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

ஊரில் சைக்கிளை யாரும் ஆனந்தத்துக்கு ஓடியதில்லை. போர்த்தடையால் பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் நெல் மூட்டை, விறகு, பிள்ளைத்தாய்ச்சி, பிரேதம் எல்லாம் சைக்கிளில்தான் போயின. அப்பாவைக் கரியரில் இருத்தி, மயங்கி விழாமலிருக்க என் இடுப்போடு சேர்த்துச் சாரத்தால் கட்டி, பதினாறு மைல் மிதித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அந்தக் கால்களால்தான் வெள்ளைக்காரர்களை ஏற்றத்தில் முந்தினேன். "எங்கே பழகினாய், சிவ்?" என்று கிரஹாம் கேட்டார். "சின்ன வயதில் ஓடியிருக்கிறேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

2

இத்தாலிப் பயணம் கிரஹாமின் யோசனை. வடக்கே பெரிய ஏரி ஒன்றில் தொடங்கி, மிஞ்சோ என்ற ஆற்றின் கரையால் மான்ருவா நகருக்கு இறங்கி, அங்கிருந்து போ நதியின் அணைக்கட்டுப் பாதையால் கிழக்கே போகவேண்டும். எட்டு நாள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீற்றர்தான். எங்கள் பெட்டிகளை வான் ஒன்று முன்னே கொண்டுபோய் அடுத்த தங்குமிடத்தில் வைத்துவிடும். முதுகில் தண்ணீர்ப் போத்தல் மட்டும்.

வசந்திக்கு முழங்கால் சரியில்லை. "போ எண்டு ஒரு ஆறோ? அப்ப நீங்களே போங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பதிலாக யாழினி வருகிறேன் என்றபோது நம்ப முடியவில்லை. பத்து வயதுக்குப் பிறகு அவளோடு நான் எட்டு நாள் தொடர்ந்து இருந்ததே இல்லை.

பயணப் படிவத்தில் வழக்கமான சிக்கல் வந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று இந்த நாட்டுக் கணினி எதற்கும் விளங்கப்படுத்த முடியாது. முப்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒரு அதிகாரி என் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்துக்குள் எழுதினார். அன்றிலிருந்து நான் மிஸ்டர் பொன்னுத்துரை, வசந்தி மிஸிஸ் பொன்னுத்துரை. தன் மாமனாருக்கே மனைவியாகிவிட்டதாக அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். இத்தாலியத் தங்குமிடங்களுக்குப் போன பட்டியலிலும் அப்பாவின் பெயர்தான் முதலில் இருந்தது.

முதல் மூன்று நாட்களும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. மிஞ்சோ ஆறு பச்சைக் கண்ணாடி மாதிரி ஓடியது. அறுவடை முடிந்த சோள வயல்களில் நாரைகள் நின்றன. கோடு போட்டு நட்ட பொப்லர் மரங்களுக்கூடாக வெயில் துண்டு துண்டாக விழுந்தது. மத்தியானங்களில் கிராமங்களின் யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும்; எங்கள் சில்லுகளின் சத்தம் மட்டும் கேட்கும். மான்ருவாவின் ஏரியில் தாமரை. இத்தாலியில் தாமரை! காலை ஊன்றி நின்று பார்த்தேன். யாழினி பக்கத்தில் வந்து, "அப்பா, இதுக்குத் தமிழில் என்ன?" என்று அவளாகவே கேட்டாள். இந்தப் பயணம் எனக்கு மகளைத் திருப்பித் தரப்போகிறது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் போகும் வழியில் பூசணித் தோட்டம் ஒன்று. எங்களைப் போன்ற நிறத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிரஹாம் சைக்கிளை மெதுவாக்கி, "உன்னுடைய ஆட்களா, சிவ்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

"இல்லை. பஞ்சாபிகளாக இருக்கும்" என்றேன்.

"கிரஹாம், சிவ் எங்களுடைய ஆள்" என்றாள் ஜில்.

அந்த வசனம் எனக்கு இனித்தது. தேநீரோடு கடிக்கும் வெல்லக்கட்டி மாதிரி வாயில் வைத்துக்கொண்டு ஒரு கிலோமீற்றர் ஓடினேன். தோட்டத்தில் ஒருவர் நிமிர்ந்து கை காட்டினார். கிரஹாமும் ஜில்லும் யாழினியும் கை காட்டினார்கள். நான் கியரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

3

அன்று தங்கியது போ நதிக்குக் கிட்ட ஒரு பண்ணை வீட்டில். மாட்டுக் கொட்டில், வைக்கோல் மணம், நடுவில் செங்கல் முற்றம், முற்றத்தில் ஒரு முசுக்கொட்டை மரம். எழுபது வயது மதிக்கத்தக்க பண்ணைக்கார அம்மா எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த நாட்டில் எங்கே தங்கினாலும் அப்படி வாங்கிப் பதிந்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.

ஆறு மணி இருக்கும். குளித்துவிட்டு நானும் கிரஹாமும் ஜில்லும் மரத்தின் கீழ் கதிரைகளில் இருந்தோம். குசினிக் கதவு திறந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் தண்ணீர்ச் சாடியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நடை, நெற்றியில் மெல்லிதாக அழிந்திருந்த திருநீறு. அவருக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, இரட்டைப் பின்னலோடு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சாடியை மேசையில் வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். என் பக்கம் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்றார்.

கிரஹாம் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கேட்கிறார், சிவ்?"

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. ஒரு மூச்சு எடுக்கிற நேரம். பூசணித் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. இவர் இனிப் பக்கத்தில் இருப்பார், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் எப்படி வந்தனீங்கள் என்று கேட்பார், அவுஸ்திரேலியாவுக்கு வர வழி கேட்பார், சிவ் மெல்ல மெல்ல எங்களுடைய ஆள் இல்லாமல் போவான் என்றெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் ஓடியது. நான் அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்:

"மன்னிக்கவேண்டும். எனக்கு இத்தாலி மொழி தெரியாது."

அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை. தான் கேட்டது சரிதானா என்று பார்ப்பவர் போல ஒரு கணம் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து, "சொறி சேர். மை மிஸ்டேக்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். சிறுமி அவருடைய கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். கதவு மூடியது.

நான் தண்ணீரை ஊற்றிக் குடித்தேன். தலையை உயர்த்தியபோது வெளிப்படிக்கட்டில், ஈரத்தலையில் துவாயோடு யாழினி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

4

இருட்டுப்பட முன்பே சாப்பாடு வந்தது. பூசணி உள்வைத்த மாவுப் பண்டம், வெண்ணெயில் மினுங்கியது. எல்லோருக்கும் வைத்த பிறகு பண்ணைக்கார அம்மா உள்ளே போய் இரண்டு சின்னக் கிண்ணங்களைக் கொண்டுவந்து எனக்கும் யாழினிக்கும் முன்னால் வைத்தார். மணம் முதலில் வந்தது. வறுத்த மிளகாய்த்தூள் போட்ட பூசணிக்காய்க் கறி. பக்கத்தில் பருப்பு, மேலே தாளித்த சின்ன வெங்காயமும் கடுகும்.

"ரூபன், ரூபன் செய்தது!" அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. "பட்டியலில் உங்கள் பெயர் பார்த்தான். இரண்டு கிழமையாக ஒரே கதை. இன்றைக்குக் கடவுச்சீட்டு பார்த்தான். யாழ்ப்பாணம்! அதே ஊர், அதே ஊர்!" இரண்டு சுட்டுவிரல்களையும் ஒட்டிக் காட்டினார்.

பிறந்த இடம் என்று ஒரு வரி என் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டில் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். ரூபன் அதைப் பார்த்திருக்கிறார். நான் வாய் திறந்து சொன்ன பொய்யை, பொய் என்று தெரிந்துகொண்டே, தன்னுடைய பிழை என்று ஏற்றுக்கொண்டு போயிருக்கிறார்.

ஜில் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓ சிவ், அப்போ அவர் கேட்டது இதைத்தானா?"

"எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்றேன். அது இரண்டாவது பொய்.

யாழினி எழும்பினாள். தன் கிண்ணத்தையும் என் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து குசினிக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. அவளுடைய குரல் கேட்டது. பத்து வருடம் சனிக்கிழமை தோறும் நான் காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிப் படிப்பித்த தமிழ்:

"வணக்கம். நான்... உங்களை சாப்பிட வந்தனான்."

ஒரு குழந்தையின் சிரிப்பு வெடித்தது. "உங்களை இல்லை! உங்களோட! உங்களோட சாப்பிட!" யாழினியும் சிரித்தாள். ரூபனின் குரல், "வாங்கோ பிள்ளை, உள்ள வாங்கோ" என்றது.

நான் முற்றத்தில் இருந்தேன். கிரஹாம் நாளைய பாதையைப் பற்றிப் பேசினார். ஒரு மணித்தியாலம் குசினிக்குள்ளிருந்து தமிழ் கேட்டுக்கொண்டே இருந்தது. எழும்பிப் போக இருபது அடி தூரம்கூட இல்லை. நான் போகவில்லை.

5

முப்பது வருடங்களுக்கு முன், மெல்பேர்ணில் எனக்கு முதல் கிழமை. கையில் ஒரு முகவரி, அந்த முகவரியில் இருக்கவேண்டிய ஆள் வீடு மாறிப் போயிருந்தார். டான்டினோங் ரயில் நிலையத்தின் வாங்குப் பலகையில் பெட்டியோடு இருந்தேன். குளிர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒருவர் என்னைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார். "தம்பி, தமிழோ?" என்றார். ஓம் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கினார். அவருடைய வீட்டில் ஏழு மாதம் இருந்தேன். முதல் வேலையும் அவர் பிடித்துத் தந்ததுதான். யாழினிக்குப் பிறந்தநாள் வந்தால் இன்றைக்கும் முதல் தொலைபேசி அழைப்பு அவருடையது.

மறுநாள் விடிந்ததும் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவர் கேட்ட மாதிரியே ரூபன் கேட்டபோது நான் சொன்ன பதிலையும் நினைத்தேன்.

ஏழு மணிக்குக் குசினிக்குப் போனேன். ரூபன் கோப்பி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "குட் மோர்னிங் சேர். கோப்பி?" என்றார் ஆங்கிலத்தில்.

"ரூபன், என்னை மன்னிக்கவேணும். நான் நேற்று..." என்று தமிழில் தொடங்கினேன்.

அவர் துணியை மடித்து வைத்தார். "பரவாயில்லை அண்ணை. நீங்கள் முதலாவது ஆள் இல்லை."

அவர் கோப்பை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு வருசத்தில மூண்டு பேர் வந்தவை. ஒராள் கனடா, ஒராள் லண்டன். இப்ப நீங்கள். எல்லாரும் வெள்ளைக்காரரோடதான் வந்தவை. நாங்கள் ஏதும் விசா அலுவல் கேட்டுப்போடுவம் எண்டு பயமாக்கும். எனக்கு எல்லாம் சரியா இருக்கண்ணை. மனுசி சீஸ் தொழிற்சாலையில நிரந்தர வேலை. நாங்கள் இஞ்சதான் இருக்கப் போறம்."

"பிறகேன் என்னட்ட வந்து கேட்டனீங்கள்?" என்று கேட்டேன்; கேட்டிருக்கக் கூடாது.

"என்ர மகளுக்காகத்தான். கவினி. இஞ்ச சுத்துவட்டாரத்தில எங்களைத் தவிர தமிழாக்கள் இல்லை. அப்பம்மா, மாமா எல்லாரும் போனில கதைக்கினம். தமிழ் போனுக்குள்ள இருக்கிறவையின்ர பாஷை, வெளியில ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டு அவ எனக்குச் சொல்லுறா. ஒராளைக் காட்டுவம் எண்டு நினைச்சன். பட்டியலில உங்கட பேரைப் பாத்த நாளில இருந்து, ஒரு மாமா வாறார், வந்து உன்னோட கதைப்பார் எண்டு சொல்லி வைச்சிருந்தன்."

"அவவிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"மாமாவுக்குத் தமிழ் தெரியாது எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்லுறது?"

"இப்ப கூப்பிடுங்கோ. நான் கதைக்கிறன்."

"பள்ளிக்கூட பஸ் போயிட்டுது, அண்ணை." அவருடைய முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பாதகமில்லை. உங்கட மகள் ராத்திரி அவவோட நல்லாக் கதைச்சவ. கவினிக்குச் சரியான புளுகம், ஒரே துள்ளல். ஒரு பெரிய ஆளின்ர தமிழைத் தான் திருத்தினதாம்."

கோப்பியை ஊற்றி என் முன்னால் வைத்தார். நின்றபடியே குடித்தேன். ருசி ஞாபகமில்லை. எங்கே பிறந்தீர்கள், யாருடைய மகன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வெளியில் கிரஹாம் மணியடித்துக் கூப்பிட்டார். போய்விட்டேன்.

6

அணைக்கட்டுப் பாதை உயரமானது. ஒரு பக்கம் கலங்கி அகன்ற நதி, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். யாழினி முன்னே போய்க்கொண்டிருந்தாள். வழக்கமாக எனக்காக நிற்பாள். அன்று நிற்கவில்லை. பதினைந்து கிலோமீற்றர் தாண்டி, ஒரு சின்னத் தேவாலயத்தின் நிழலில் தண்ணீர் பிடிக்க நின்றபோதுதான் எட்டிப்பிடித்தேன்.

"பிள்ளை, நான் காலமை போய் அவரிட்ட மன்னிப்புக் கேட்டனான்."

"நல்லது" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு போத்தலை மூடாமல் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். "எனக்கு ஒன்பது வயது. ஒரு கல்யாண வீட்டில் ஒரு அன்ரி என்னிடம் ஏதோ கேட்டா. நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து நீங்கள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொன்னேன்.

"எனக்கு இருக்கு. என்னில் ஏதோ அழுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. பத்து வருடம், அப்பா. நண்பர்களின் பிறந்தநாளுக்குப் போகவில்லை. நெட்போல் விளையாடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும். உங்களுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம் என்று நம்பினேன். உங்களுக்காகத்தான் போனேன்." போத்தலை இறுக்கி மூடினாள். "கிரஹாமுக்கு முன்னால் அது உங்களுக்கு ஒன்றுமே இல்லை."

கிரஹாம் அப்படி நினைத்திருப்பார், ஜில் இப்படி நினைத்திருப்பாள் என்று ஏதோ தொடங்கினேன். அவள் என்னை நிறுத்தினாள். "அம்மாவிட்ட நான் சொல்ல மாட்டன்" என்றாள், தமிழில். "நீங்கதான் சொல்ல வேணும்."

மிச்ச நான்கு நாளும் நல்ல வெயில். நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் யாழினியின் முதுகுதான்.

7

திரும்பி வந்து இரண்டாம் கிழமை தமிழ்ப் பாடசாலைத் தலைவர் பதவியிலிருந்து விலகினேன். காரணம் கேட்டார்கள். களைப்பு என்றேன். நீண்ட சேவை என்று சொல்லி, கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். மாணவர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். அந்தப் பட்டுத் துணி இப்போதும் அலுமாரியில் மடித்தபடி கிடக்கிறது. வேறெதற்கும் எடுக்க முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

கிரஹாமிடம் ஒரு சனிக்கிழமை உண்மையைச் சொன்னேன். கோப்பிக் கடையில், தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல். "சிவ், நீ அவரோடு பேசியிருந்தால் எங்களுக்கும் அறிமுகப்படுத்தியிருப்பாய். நாங்களும் சந்தோஷமாக அந்தக் கறியைச் சாப்பிட்டிருப்போம்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் மறைக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது. வீட்டுக்கு மெதுவாக ஓடிவந்தேன்.

வசந்திக்குச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று பத்து மாதம் கடத்தினேன். இத்தாலி எப்படி என்று விருந்தினர் கேட்கும்போதெல்லாம் அவளே என் சார்பில் தாமரைக் கதையைச் சொல்வாள்.

யாழினி ரூபனின் தொலைபேசி இலக்கம் வாங்கி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கவினியோடு பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும்; எப்போது, என்ன பேசுகிறாள் என்று தெரியாது. எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தால் வசந்தியோடு இப்போது தமிழில் பேசுகிறாள். பிழை பிழையாக, வெட்கமில்லாமல். "பாத்தீங்களோ, இத்தாலிக்குப் போய் வந்தபிறகு பிள்ளை எப்பிடிக் கதைக்கிறா" என்று வசந்தி என்னிடம் பெருமைப்பட்டாள். நான் தலையாட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம். வசந்தி அடுப்பில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். யாழினி குசினி மேசையில் இருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். இத்தாலியில் அப்போது காலை. நான் தேநீர் எடுக்க உள்ளே வந்தேன். திரும்பிப் போக நினைப்பதற்குள் திரையில் என் முகம் விழுந்துவிட்டது.

"யாழினி அக்கா!" கவினிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. "உந்த மாமாவுக்குத் தமிழ் தெரியாதெல்லோ?"

வசந்தி வடைக் கரண்டியோடு திரும்பினாள். "ஆருக்கு? இவருக்கோ?" என்று சிரித்தாள்.

யாழினி தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

வாங்கினேன். சின்ன முகம், இரட்டைப் பின்னல். பின்னால் ரூபன் ஏதோ மடித்துக்கொண்டு நின்றார். என் குரல் கேட்டதும் அவருடைய கைகள் நின்றன.

"தெரியும், கவினி" என்றேன். "எனக்குத் தமிழ் நல்லாத் தெரியும். அண்டைக்குத் தெரியாத மாதிரி நடிச்சனான். உங்கட அப்பா பொய் சொல்லேல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

"ஏன்?"

எண்ணெய் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னோட வந்த ஆக்களுக்கு முன்னால எனக்கு வெக்கமாப் போச்சு."

அவள் யோசித்தாள். பிறகு இரகசியம் சொல்வது போலத் திரைக்குக் கிட்ட வந்தாள். "நானும் அப்பிடித்தான். அப்பா பள்ளிக்கூட வாசலில நிண்டு தமிழில கூப்பிட்டால் நான் திரும்பிப் பாக்கமாட்டன். கேட்காத மாதிரிப் போயிடுவன்."

அவளுக்குப் பின்னால் ரூபன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை.

மேடையில் ஆறு வருடம் பேசியதில் ஒரு வசனமும் எனக்கு உதவிக்கு வரவில்லை.

"இனிமேல் திரும்பிப் பாருங்கோ, அம்மா" என்றேன்.

"நீங்கள் பாக்கேல்லையே."

"ஓம். நான் பாக்கேல்லை."

யாழினி அக்காவைத் தாங்கோ என்றாள் கவினி. தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வசந்தி அடுப்பை அணைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தாள்.

"சொல்லுங்கோ" என்றாள்.